மாற்றிய கல் பொய்யா?

பொங்கல் விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்க அரங்கில் ஒரு சிறிய கூட்டம் நடந்தது. வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். பாரிஸ் போய் வந்த உறுப்பினர் ஒருவர், தாம் எடுத்து வந்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டி விளக்கம் சொன்னார். நோத்ர தாம் தேவாலயத்தின் முகப்பு திரை முழுக்க நிறைந்தபோது அரங்கில் ஒரு 'அடேயப்பா!' எழுந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து, "சார், இதில் எவ்வளவு ஒரிஜினல்?" என்று கேட்டார். படம் காட்டியவர் நேர்மையானவர். "அந்த ராஜாக்கள் வரிசை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தது. மேலே இருக்கும் விலங்கு பொம்மைகளும் அப்படித்தான். கூரையும் ஊசிக்கோபுரமும் தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியவை" என்றார். "அப்படியென்றால் எல்லாம் டூப்ளிகேட்!" என்றார் தம்பி. அரங்கமே சிரித்தது. அதற்குள் காபி வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவர் தாமே சொல்லிக்கொண்ட பதில் தவறு என்பது என் கட்சி. மேடையில் எழுந்து பேசும் பழக்கம் எனக்கு இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ராஜாக்கள் கதை. நோத்ர தாமின் கட்டட வேலை 1163-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. முகப்பின் மூன்று வாசல்களுக்கும் மேலே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் 28 அரசர் சிலைகளை வரிசையாக நிறுத்தினார்கள். அவர்கள் பைபிளில் வரும் யூதேயா நாட்டு அரசர்கள். 1793-இல் புரட்சி உச்சத்தில் இருந்தபோது, மக்கள் அவர்களைப் பிரான்ஸ் நாட்டு மன்னர்கள் என்று எண்ணிவிட்டார்கள். மன்னன் தலையையே வெட்டியவர்கள் கல் தலையை விடுவார்களா? சிலைகளை இறக்கித் தலைகளைத் துண்டித்தார்கள். உடைந்த கற்கள் கட்டடச் சாமான் விலைக்குப் போயின. அப்புறம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வரிசை காலி மாடங்களாகவே இருந்தது.

1831-இல் விக்தோர் ஹூகோவின் நாவல் வந்தது. பாழடைந்து கிடந்த தேவாலயத்தின் மேல் மக்களுக்குத் திடீரென்று பாசம் பிறந்தது. 1844-இல் லாஸ்ஸூஸ், வியோலே லெ துக் என்ற இரண்டு இளம் கட்டடக் கலைஞர்களிடம் சீரமைப்பு வேலை ஒப்படைக்கப்பட்டது. 1857-இல் லாஸ்ஸூஸ் காலமானார். அதன்பின் வியோலே லெ துக் தனியாகவே 1864 வரை வேலையை நடத்தி முடித்தார். 28 அரசர்களையும் புதிதாகச் செதுக்க வைத்தவர் அவர்தான். பழைய தலைகள் கிடைக்காததால் மற்ற ஊர்க் கோவில்களின் சிலைகளைப் பார்த்து முகங்களை உருவாக்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்ட ஊசிக்கோபுரத்துக்குப் பதிலாக, பழையதைவிட உயரமான ஒன்றை 1859-இல் எழுப்பினார். அதன் அடியில் இறங்கி வருவது போல 16 செப்புச் சிலைகளை வைத்தார். அவற்றில் புனித தோமையாருக்கு மட்டும் தம்முடைய முகச்சாயலைக் கொடுத்து, திரும்பி நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்படி அமைத்தார்! சுற்றுலா அட்டைகளில் எல்லாம் வருகிற, கன்னத்தில் கைவைத்து நாக்கை நீட்டிக்கொண்டு பாரிஸைப் பார்க்கும் அந்தக் கொம்பு முளைத்த பூதமும் அவர் காலத்ததுதான். இடைக்காலத்துப் பூதம் என்று எண்ணி அதோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் எத்தனை லட்சமோ!

இங்கே ஒரு விசித்திரம். 1977-இல் பாரிஸில் ஒரு வங்கிக்காக மண்ணைத் தோண்டியபோது சிற்பத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. மூக்கு உடைந்தும் கன்னம் சிதைந்தும் 21 அரசர் தலைகள் அதில் இருந்தன. புரட்சிக் காலத்தில் யாரோ விலைக்கு வாங்கி, ஒழுங்காக அடுக்கிப் புதைத்து வைத்திருக்கிறார்கள். சில முகங்களில் பழைய வண்ணத்தின் சுவடுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. அவை இப்போது அதே நகரத்தில் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைத் திருப்பி முகப்பில் ஒட்டவில்லை. வியோலே லெ துக்கின் அரசர்களை இறக்கவும் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உண்மைத் தலைகள். நடுத்தீவில் மாற்றுத் தலைகள். நடந்தே போய் இரண்டையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். நம் தம்பியின் கேள்விக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் எல்லாரும் இவ்வளவு நேர்மையாக இருந்துவிடவில்லை. கட்டடத்தைச் சீரமைப்பது என்றால் அதை ஒரு முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது, அந்த முழுமை எந்தக் காலத்திலும் இருந்திராவிட்டாலும் பரவாயில்லை - இது வியோலே லெ துக்கே தம் அகராதியில் எழுதி வைத்த கருத்து. கேட்கும்போது தூக்கிவாரிப் போடுகிறது அல்லவா? அவர் மகா மேதை. இடைக்காலக் கல்தச்சன் எப்படிச் சிந்தித்திருப்பான் என்று தெரிந்தவர். அந்த நம்பிக்கையில்தான் தச்சன் சொல்லாததையும் அவன் பெயரால் தாமே சொல்லிவிட்டார்.

இங்கிலாந்தில் இதே வியாதி இன்னும் மோசமாகப் பரவியது. அங்கே ஜில்பர்ட் ஸ்காட் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான பழைய தேவாலயங்களைச் 'சரி' செய்தார்கள். பதினான்காம் நூற்றாண்டு ஜன்னலை எடுத்துவிட்டு, அது பதின்மூன்றில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதியதை வைப்பது, தேய்ந்த கல்லின் மேல்தோலைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குவது - இதெல்லாம் அன்றைய நாகரிகம். லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர். அங்கே கிரிம்தார்ப் பிரபு என்ற பணக்கார வக்கீல் 1880-களில், "செலவு என்னுடையது, யோசனையும் என்னுடையது" என்று சொல்லாத குறையாக மேற்கு முகப்பு முழுவதையும் தம் மனம்போல மாற்றிக் கட்டினார். வாசல் மண்டபத்தில் புனித மத்தேயுவின் உருவத்துக்குத் தம் முகத்தையே, சிறகுகளோடு, வைத்துக்கொண்டார். பழைய கட்டடத்தைப் பணத்தைக் கொட்டிக் கெடுப்பதற்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. நம் ஊர்க் கோவில்களில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிறவர்கள் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இதற்கு எதிர்க்குரலும் எழுந்தது. ஜான் ரஸ்கின் 1849-லேயே இந்தப் புதுப்பித்தல் என்பதே பொய், இறந்தவரை எழுப்ப முடியாதது போலத்தான் இதுவும் என்று எழுதிவிட்டார். 1877-இல் டியூக்ஸ்பரி என்ற ஊரின் மடாலயத்தை ஸ்காட் புதுப்பிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் வில்லியம் மாரிஸ் கொதித்தெழுந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமும் தொடங்கினார். அதற்குச் செல்லப்பெயர் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்'. முதலாளி சுரண்டல் அல்ல, கல்லைச் சுரண்டுவது! பழையதைப் பராமரியுங்கள், ஓட்டையை அடையுங்கள், முட்டுக் கொடுங்கள், ஆனால் பழையது போலப் போலியாகச் செய்யாதீர்கள் என்பது அவர்கள் கொள்கை.

இந்தக் கொள்கை கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1902 முதல் 1928 வரை நம் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923-இல் எழுதிய பாதுகாப்புக் கையேட்டில் இதே வாடை அடிக்கிறது. கற்பனையால் புதுப்பிக்காதே, புதிதாகப் பளபளப்பதைவிட உடைந்த பழையதற்கே மதிப்பு அதிகம் என்பது அதன் சாரம். டெல்லியில் நாம் காலை நடைக்குப் போகும் லோதி தோட்டத்துச் சமாதிகள் முதல் குதுப் வரை, அந்தக் கையேட்டின் நிழலில்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

மாரிஸின் பக்கம்தான் என் மனம் முதலில் சாயும். ஆனால் அவர் சொன்னதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. கல்லுக்கும் ஆயுள் உண்டு. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கையால் ஒரு சுவரைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். நான் சிரிக்காத காரணம் இதுதான்.

1970-களின் தொடக்கம். நான் அப்போது இளம் பொறியாளன். வட இந்தியாவில் ஒரு கன்டோன்மென்ட் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வெள்ளைக்காரன் காலத்து மணற்கல் தேவாலயம் ஒன்று. ஐரோப்பிய இடைக்காலக் கோவிலைப் பார்த்து, கூர்வளைவும் முட்டுச்சுவருமாகக் கட்டியது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருந்த சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மேலே தெரிவித்தார்கள், மதிப்பீடு போட்டேன், ஒப்புதல் வந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் பாயிண்டிங் செய்யச் சொன்னேன். அழகாக, நேர்கோடாக, கறுப்புக் கோடு போட்டது போல முடித்துக் கொடுத்தார் கொத்தனார். பாராட்டுக் கடிதமும் வந்தது. அதை நெடுநாள் கோப்பில் வைத்திருந்தேன்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து வேறு வேலையாக அந்த ஊர் வழியே போனபோது ஆசையோடு அந்தச் சுவரைப் பார்க்கப் போனேன். என் சிமென்ட் அப்படியே இருந்தது. கல்தான் இல்லை. ஒவ்வொரு கல்லும் ஓர் அங்குலம், சில இடங்களில் இரண்டு அங்குலம் உள்வாங்கிப் போய், சிமென்ட் கோடுகள் மட்டும் மீன்வலை போல வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கையால் தடவினேன். கல் மாவாக உதிர்ந்தது.

காரணம் எளியது. அன்று எனக்குத்தான் தெரியவில்லை. சுவர் மூச்சு விடும். மழை நீர் உள்ளே போகும், வெயிலில் வெளியே வரும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை விடக்கூடியது. ஆகவே ஈரம் அதன் வழியாக வெளியேறும். உப்பும் அதிலேயே படியும். நாற்பது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சாந்து தன்னைத் தியாகம் செய்து கல்லைக் காப்பாற்றுகிறது. சிமென்ட் நேர் எதிர். கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை விடாது. ஈரத்துக்குக் கல்லைத் தவிர வேறு வழியில்லை. உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி உள்ளிருந்து வெடிக்கிறது. கல்லைக் காக்க நான் போட்ட பூச்சு கல்லைத் தின்றது.

ஐரோப்பாவிலும் இருபதாம் நூற்றாண்டில் இதே தவற்றை ஊர் ஊராகச் செய்தார்கள் என்று பின்னால் படித்தபோது, சற்று ஆறுதலாகவும் அதைவிட வருத்தமாகவும் இருந்தது. இது தவிர நிலக்கரிப் புகை வேறு. புகையிலுள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லைத் தாக்கி, மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றிக் கறுப்புத் தோல் போல ஒட்டவைக்கிறது. ஒருநாள் அந்தத் தோல் கல்லின் முகத்தோடு கழன்று விழும். கற்களை இணைக்கப் போட்ட இரும்புப் பட்டை துருப்பிடித்து ஊதி, கல்லைப் பிளக்கும். கல்லைச் சுரங்கத்தில் கிடந்த படுகை வாக்கிலேயே சுவரில் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டால் புத்தகத்தின் பக்கங்கள் போல ஏடு ஏடாகக் கழன்று வரும். அவசரக்காரத் தச்சன் எந்த நூற்றாண்டிலும் உண்டு.

எனவே, எண்ணூறு ஆண்டு நின்ற ஒரு கட்டடத்தில் எதையும் மாற்றக்கூடாது என்பது அதை மெல்லச் சாகவிடுவதே. மாரிஸ் இதை உணராதவர் அல்ல. ஆனால் அவருடைய சீடர்களில் சிலர் இடிபாட்டின் அழகில் மயங்கிவிட்டார்கள். இடிபாடு பார்க்க அழகுதான். அதன் அடியில் நாள்தோறும் நின்று வழிபடுகிறவனின் தலையில் கல் விழாத வரைக்கும்.

மாற்றலாமா கூடாதா என்று வழக்காடுவதை நான் விட்டு வெகுநாளாகிறது. யார் மாற்றுகிறார், எதற்காக, எவ்வளவு, எடுத்த கல் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஊர் ஸ்ட்ராஸ்பூர். பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இளஞ்சிவப்பு மணற்கல்லில் கட்டிய தேவாலயம். அதன் 142 மீட்டர் ஊசிக்கோபுரம் 1439-இல் முடிந்தது. அந்தக் கட்டடத்தைப் பராமரிக்க ஒரு தனி நிறுவனம் இருக்கிறது. அதைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1224-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் பக்கம் மூன்றாம் ராஜராஜ சோழன் ஆண்ட காலம்! அன்று முதல் இன்று வரை கல்தச்சர்கள், சிற்பிகள், கொல்லர்கள் என்று ஒரு பட்டறை ஓய்வில்லாமல் அந்த ஒரே கட்டடத்துக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. தெற்கு வாசலில் திருச்சபை, யூத மதம் இரண்டையும் உருவகப்படுத்தும் இரு பெண் சிலைகள் உண்டு. உலகச் சிற்பக்கலையின் முத்துகள். அசல் சிலைகளை எடுத்துப் பக்கத்துக் கட்டடத்து அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்திவிட்டு, வாசலில் நகல் வைத்திருக்கிறார்கள். மழையும் பனியும் நகலின் மேல் விழுகின்றன. அசலைப் பார்க்க ஆசைப்படுகிறவர் நாலு எட்டு நடந்தால் போதும்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பெரிய கோவிலிலும் இப்படி ஒரு பட்டறை. 1248-இல் தொடங்கிய கோவில், பதினாறாம் நூற்றாண்டில் பணம் இல்லாமல் பாதியில் நின்றது. தெற்குக் கோபுரத்தின் அரைகுறை மேடையில், கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி நானூறு ஆண்டுகளாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஊரின் அடையாளமே அதுதான். 1842-இல் மறுபடி தொடங்கி 1880-இல் முடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இடைக்காலத்தில் ரைன் நதிக்கரை டிராக்கன்ஃபெல்ஸ் மலையிலிருந்து கொண்டுவந்த கல்லைக்காட்டிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலேறி வந்த ஷ்லைட்டார்ஃப் மணற்கல்தான் வேகமாக அரித்துப் போனது. புதியது பழையதைவிடச் சீக்கிரம் கிழமாயிற்று. அதனால் புதியதற்குப் பதில் இன்னும் புதியதை வைக்க வேண்டியதாயிற்று. கொலோன்காரர்கள் சொல்வார்களாம்: இந்தக் கோவில் வேலை என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு உலகமும் முடியும் என்று. இந்தப் பட்டறைகளின் பராமரிப்பு முறையை 2020-இல் யுனெஸ்கோ நல்ல முன்மாதிரியாகப் பதிவு செய்தது.

மாற்றாமலே காப்பாற்றிய கதையும் உண்டு. இங்கிலாந்தில் வெல்ஸ் தேவாலயத்தின் மேற்கு முகப்பில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிலைகள் சுமார் 300 இன்னும் நிற்கின்றன. 1970-களில் அவை உதிரத் தொடங்கியபோது ராபர்ட் பேக்கர் என்பவர் சிமென்டையும் ரசாயனத்தையும் ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பினார். சிலைகளுக்குச் சுண்ணாம்புப் பற்றுப் போட்டு அழுக்கை இளக்கினார். விரிசல்களைச் சுண்ணாம்பும் கல்பொடியும் கலந்த விழுதால் அடைத்தார். கடைசியில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றை மேல்போர்வையாகப் பூசினார். அந்தப் பூச்சில் ஒட்டுவதற்காகச் சேர்த்த பொருள் என்ன தெரியுமா? பாலிலிருந்து எடுத்த கேசின்! கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சாந்து அரைத்த நம் பாட்டன்மார் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதே முகப்பின் உச்சியில் சிதைந்துபோன கிறிஸ்து உருவத்தின் இடத்தில் மட்டும், 1985-இல் டேவிட் வின் என்ற சிற்பி செய்த புதிய உருவத்தை வைத்தார்கள். பழையது போல நடிக்கவில்லை. பார்த்தாலே இருபதாம் நூற்றாண்டு என்று தெரியும்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் இன்னொரு படி மேலே போனார்கள். மேற்கு வாசலுக்கு மேல் ஐந்நூறு ஆண்டாக வெறுமையாக இருந்த மாடங்களில் 1998-இல் பத்துச் சிலைகளை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் இருபதாம் நூற்றாண்டில் உயிர்த்தியாகம் செய்தவர்கள். மார்ட்டின் லூதர் கிங் அதில் ஒருவர். இதைப் போலி என்று யாராவது சொல்ல முடியுமா? வியோலே லெ துக் காலி மாடத்தைக் கண்டதும் பதின்மூன்றாம் நூற்றாண்டாக மாறி வேஷம் போட்டார். இவர்கள் தங்கள் நூற்றாண்டிலேயே நின்று பேசினார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இப்போது 2019 ஏப்ரல் 15-க்கு வருவோம். நோத்ர தாமின் கூரை எரிந்து ஊசிக்கோபுரம் சரிந்ததை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். செப்புச் சிலைகள் பதினாறும் சீரமைப்புக்காக நான்கே நாள் முன்புதான் இறக்கப்பட்டிருந்தன. கோபுரத்தைப் புதிய பாணியில் கட்டலாம் என்று அதிபர் மக்ரோன் பேசினார். கண்ணாடிக் கூரை, தோட்டம் என்று ஆளுக்கொரு படம் வரைந்தார்கள். கடைசியில் 2020-இல் முன்பு இருந்தபடியே கட்டுவது என்று முடிவாயிற்று. முன்பு இருந்தபடி என்றால்? வியோலே லெ துக் விட்டுச் சென்றபடி! ஒரு காலத்தில் போலி என்று திட்டு வாங்கியதையே 160 ஆண்டு கழித்து அசல் என்று ஏற்றுக்கொண்டு நகல் எடுத்தார்கள். சுமார் 2000 ஓக் மரங்களை வெட்டிக் கொண்டுவந்தார்கள். பழைய கல்லின் குணம் கொண்ட சுண்ணாம்புக்கல்லைப் பாரிஸுக்கு வடக்கே உள்ள சுரங்கங்களில் தேடி எடுத்தார்கள். 2024 டிசம்பரில் கதவு திறந்தது.

இந்த முடிவில் எனக்குச் சம்மதமே. அதற்குக் காரணம் வியோலே லெ துக்கின் மேல் உள்ள பக்தி அல்ல. அந்த ஐந்தாண்டு வேலையில் கட்டடத்தைப் பற்றி மனிதர்கள் கற்றுக்கொண்டது முந்தைய நூறு ஆண்டில் கற்றதைவிட அதிகம். கற்களுக்கு இடையே 1160-களிலேயே இரும்புப் பட்டைகள் போட்டிருந்ததை எரிந்த சுவர்களில் கண்டுபிடித்தார்கள். 2022-இல் தரைக்கு அடியில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளிய கல் திரைச்சுவரின் வண்ணச் சிற்பங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. இடித்தவர்கள் தங்கள் கோவிலின் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். கோடாலியால் மரம் செதுக்கவும் கையுளியால் கல் செதுக்கவும் இளைஞர்கள் மறுபடி பழகினார்கள். இடித்ததும் கட்டியதும் ஒரே குடும்பத்து வேலை.

சம்மதமில்லாத ஒன்றும் உண்டு. தீயில் சேதமாகாத வியோலே லெ துக் காலத்து வண்ணக் கண்ணாடிகளை ஆறு சிற்றாலயங்களிலிருந்து கழற்றிவிட்டுப் புதியவை வைக்க வேண்டும் என்று 2023-இல் மக்ரோன் சொன்னார். நாட்டின் பாரம்பரியக் குழு கூடாது என்று 2024 ஜூலையில் சொல்லியும், அதே ஆண்டு டிசம்பரில் கிளேர் தபூரே என்ற ஓவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நல்ல ஓவியராகவே இருக்கட்டும். உடையாததை எதற்காக எடுக்க வேண்டும்? காலி மாடத்தில் புதிய சிலை வைப்பது வேறு, குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு வைப்பது வேறு. கிரிம்தார்ப் பிரபுவின் ஆவி இன்னும் உலவுகிறது.

நம் நாட்டில் கோவாவுக்குப் போகிறவர்கள் பழைய கோவாவில் போம் ஜேசு பேராலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இடைக்காலம் அல்ல. 1594-இல் தொடங்கி 1605-இல் அர்ப்பணித்தது. ஆனாலும் இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. செம்புறைக்கல் சுவர்கள் சிவந்து நிற்பதைக் கண்டு, 'எவ்வளவு பழமை!' என்று வியக்கிறோம். கட்டியவர்கள் அந்தச் சுவர்களை அப்படி விடவில்லை. கோவா மழைக்குச் செம்புறைக்கல் தாங்காது என்று தெரிந்து சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். 1950-களில் போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் பால்தசார் காஸ்ட்ரோ, கட்டடம் பழமையாகத் தெரிய வேண்டும் என்று பூச்சை உரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவமழையும் கல்லைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி பூசுங்கள் என்றால், 'எங்களுக்குப் பழகிய சிவப்புப் போய்விடுமே' என்று ஆட்சேபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது ஆண்டுப் பழக்கத்துக்காக நானூறு ஆண்டுக் கட்டடத்தை நனைய விடலாமா? பூசித்தான் ஆக வேண்டும். டெல்லியில் ஹுமாயூன் சமாதியின் கூரையிலிருந்து, முன்னாளில் அடுக்கடுக்காகக் கொட்டிய சுமார் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டை எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்புக்குப் போனார்கள். அந்தத் துணிச்சல் அங்கேயும் வர வேண்டும்.

சரி, என் சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தக் கன்டோன்மென்ட் தேவாலயத்தின் பராமரிப்புக் குழுவுக்கு இப்போது கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. அரித்த சுவர் முழுவதற்கும் மெஷினில் அறுத்த சிவப்புக்கல் பலகை ஒட்டி 'புத்தம் புதிதாக' ஆக்கித் தருவதாக ஒரு காண்டிராக்டர் மதிப்பீடு கொடுத்திருக்கிறாராம். அங்கே குடியிருக்கும் பழைய சகா ஒருவர் போனில் சொன்னார். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே குழுவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். சிமென்ட் பூசச் சொன்னவன் நான்தான் என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். பலகை வேண்டாம். சிமென்டைக் கையுளியால் மட்டும், கல்லின் ஓரம் சிதறாமல், ஆறப் பொறுத்து எடுக்க வேண்டும். கிரைண்டர் கூடாது. சுண்ணாம்புச் சாந்தால் இணைப்புகளை நிரப்ப வேண்டும். பாரம் தாங்க முடியாமல் போன கற்கள், நான் கணக்கெடுத்தவரை, நாற்பதுக்குள்தான். அவற்றை மட்டும் அதே வகை மணற்கல்லில் மாற்றி, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஆண்டைச் செதுக்கி வைக்க வேண்டும். மற்றவை தேய்ந்திருந்தாலும் அப்படியே நிற்கட்டும். உளி வேலை தெரிந்த கல்தச்சர்கள் ராஜஸ்தானிலிருந்து கிடைப்பார்கள், கூலி கூட என்றாலும். செலவுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். காண்டிராக்டரின் தொகையைவிடக் குறைவாகவே வருகிறது.

இதுவரை பதில் வரவில்லை. நவம்பரில் நேரிலேயே போவதாக இருக்கிறேன். அன்று 'டூப்ளிகேட்' என்று சொன்ன தம்பியையும் கூப்பிட்டேன். சிவில் படிக்கிறாராம். "சார், அங்கே எந்தக் கல் ஒரிஜினல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். உள்வாங்கியிருப்பதெல்லாம் ஒரிஜினல், துருத்திக்கொண்டிருப்பது நான் என்று சொல்லியிருக்கிறேன். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.